பஸ் மாத்திரை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நான் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது நடந்தது இது. வீடு திருப்பத்தூரில், ஆசிரியை வேலை ஜவ்வாது மலையில். திங்கள் காலை மலை ஏறினால் வெள்ளி மாலைதான் இறங்குவேன்.

மலைப்பாதை வளைவுகள் எனக்கு ஆகாது. எங்கள் பேருந்தில் பாதிப் பேர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். மீதிப் பேர் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் 'பஸ் மாத்திரை' வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். கடைக்காரர் அட்டையிலிருந்து ஒன்றை வெட்டித் தாளில் மடித்துத் தருவார். விழுங்கினால் தூக்கம் வந்துவிடும். கண் விழிக்கும்போது ஊர் வந்திருக்கும்.

கர்ப்பமான நாளிலிருந்து பப்பாளியைத் தொடவில்லை. சத்து மாத்திரையை ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. பஸ் மாத்திரையையும்தான்.

ஏழாம் மாதம், ஒரு திங்கட்கிழமை. மலையில் என்னைப் பரிசோதிக்கும் சுகாதார நிலைய நர்ஸ் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீச்சர், இப்ப இன்னா முழுங்குனீங்க?"

"பஸ் மாத்திரைங்க."

"பேரு இன்னா?"

தாளைப் பிரித்துக் காட்டினேன். பெயர் இல்லை. அவர் முகம் மாறியது.

"மாசாமாசம் கேட்டேனே, வேற மாத்திரை எதுனா சாப்பிடுறீங்களான்னு. இல்லீங்கன்னு சொன்னீங்களே!"

பொய் சொல்லவில்லை நான். அதை மாத்திரைக் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாத்திரையின் பெயரைப் பார்க்கக் கடைக்காரரிடம் முழு அட்டையைக் கேட்டேன். தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். தூக்க மாத்திரை. "வாந்தி மாத்திரை சரியா வர்றதில்லம்மா. தூங்கிட்டா வளைவே தெரியாதுல்ல?" என்றார், ஏதோ உதவி செய்தவர் போல.

மறுநாளே அட்டையோடு மருத்துவரிடம் போனேன். அவர் திட்டவில்லை. தாயைத் தூங்க வைக்கும் மருந்து குழந்தையையும் போய்ச் சேரும் என்றார். வயிற்றில் இருக்கும் மாதங்கள் முழுக்க அதன் மூளை வளர்ந்துகொண்டே இருக்கும் என்றார். வாரம் இரண்டு என்பதால் பயந்து சாக வேண்டாம், ஆனால் ஒன்றும் ஆகாது என்று எழுதியும் தர முடியாது. இனி தொடாதீர்கள், பிறந்த பிறகு வளர்ச்சியைக் கவனித்து வருவோம் என்றார். வீட்டுக்கு வந்ததும் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு திங்களையும் வெள்ளியையும் எண்ணினேன். முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

அதன்பின் விடுப்பு கிடைக்கும்வரை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடிதான் ஏறி இறங்கினேன். அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மகள் பிறந்ததும் நன்றாகத்தான் அழுதாள். பதினான்காம் மாதம் நடந்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தை பத்திலேயே நடந்ததே என்றால், எல்லாம் அந்தந்த வயதுக்குச் சரியாக இருக்கிறது என்கிறார் மருத்துவர். நம்புகிறேன். வீடு திரும்பியதும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டி, திரும்புகிறாளா என்று பார்க்கிறேன். தூங்கினால் எழுப்பிப் பார்க்கிறேன். "தூங்குற புள்ளைய எழுப்பி எழுப்பிப் பாக்குறியே, உனக்கு இன்னா ஆச்சு?" என்று கணவர் கேட்பார்.

இப்போதெல்லாம் மருத்துவமனையில் யார் கேட்டாலும் எலுமிச்சம்பழம் முகர்ந்ததைக்கூடச் சொல்லிவிடுகிறேன்; ஆனால் அன்று மாதாமாதம் சொன்ன அந்த 'இல்லீங்க' மட்டும், மகள் கொஞ்சம் அதிகமாகத் தூங்கும் ஒவ்வொரு மதியமும் என் காதில் விழுகிறது.