தேவகிருபையின் முதல் ஆணி

ஆம்பூரில் நான் பிட்டராக இருந்த தோல் டேனரியில் மெயின்டனன்ஸ் பிரிவு என்றால் இரண்டே பேர். ரிப்பேர் பார்க்க நான், புகார் வாங்க தேவகிருபை. எது பழுதானாலும் சீட்டு அவளிடம்தான் வரும். எல்லாச் சீட்டிலும் 'அவசரம்' என்று எழுதியிருப்பார்கள். ஆபீஸ் ஃபேன் சத்தம் போட்டாலும் அவசரம்தான். அவனவனுக்கு அவனவன் பல்வலி பெரிது.

தேவகிருபை அந்த வார்த்தையைப் படிக்கவே மாட்டாள். சீட்டு கொண்டு வந்தவனிடம், "நாளைக்குப் பார்த்தா இன்னா ஆவும்?" என்று கேட்பாள். பதிலைப் பொறுத்து, சுவரிலிருந்த மூன்று ஆணிகளில் ஒன்றில் குத்துவாள். முதல் ஆணி உடனே. நடு ஆணி இன்றைக்குள். கடைசி ஆணியில் மாட்டியது பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் இறங்கும். இதற்காக அவளைத் திட்டாத ஆள் கிடையாது, நான் உட்பட. விரிஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

எண்பத்து மூன்றில் ஒரு நாள் காலை சாய டிரம்மின் மோட்டார் நின்றுவிட்டது. அந்தப் பெரிய மரப் பீப்பாய் சுற்றாமல் நின்றால் உள்ளே இருக்கிற தோலில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்துவிடும். சூப்பர்வைசர் ரஷீத் அஹமது ஓடிவந்தார். "வெளிநாட்டு ஆர்டர்மா. கெட்டுப் போச்சுன்னா என் வேலையும் போய்டும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சீட்டு முதல் ஆணிக்குப் போனது. நான் ஸ்பேனரை எடுத்தேன்.

வாசலில் ஏழுமலை தயங்கி நின்றான். கழிவுநீர்க் குழியில் வேலை செய்கிறவன். "குழி பம்ப்பு அடைச்சிக்கிச்சுக்கா" என்றான்.

"நாளைக்குப் பார்த்தா இன்னா ஆவும்?"

"ஒன்னும் ஆவாதுக்கா. நானே எறங்கி பக்கெட்ல வாரிடுவேன்."

தேவகிருபை எழுந்துவிட்டாள். அந்தக் குழியில் சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் கலந்து விஷக்காற்று கிளம்பும். போன வருஷம் வேறொரு டேனரியில் இரண்டு பேர் அப்படி இறங்கி, பிணமாகத்தான் மேலே வந்தார்கள்.

"ராமலிங்கண்ணா, மொதல்ல பம்ப்ப பாருங்க. டிரம் அப்புறம்."

"ஏம்மா பேஜார் பண்ற? அவனே ஒன்னும் ஆவாதுன்றான்" என்றார் ரஷீத்.

"எறங்குறேன்னும் சொல்றானே சார்."

"எறங்காதடான்னா போச்சு."

"குழி ரொம்பி வழிஞ்சா நீங்களே எறங்கச் சொல்லுவீங்க."

அவர் முகம் சிவந்தது. "தோலு கெட்டுதுன்னா நாளைக்கு நீ வராத."

எனக்கு அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது. "ஊர் வம்ப வாங்கி உன் வீட்டு அடுப்ப அணைச்சுக்கப் போறியா?" என்று கத்தினேன். அவள் குழியோரம் வந்து, ஏழுமலையின் பக்கெட்டைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பம்ப்பை மேலே இழுத்துப் பார்த்தால், அதன் வாயில் மயிரும் சவ்வுமாக இறுகியிருந்தது. எடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு டிரம்மை ஓட்டினேன். ஒரு தோலும் தேறவில்லை.

மறுநாளே அவளுக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள். கெட்டுப்போன தோலை முதலாளி வரைக்கும் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். குழியில் நடக்காமல் போனதை நான் யாருக்கு எடுத்துக் காட்டுவது?

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் ஏழுமலையும் அவளோடு போனோம். அவன் வழியெல்லாம் அவளைக் கடிந்துகொண்டே வந்தான்.

"இன்னாக்கா நீ, அநியாயத்துக்கு வேலைய வுட்டுட்டியே. இதுக்கு முன்ன எத்தினி வாட்டி எறங்கியிருக்கேன். எனக்கு இன்னா ஆயிடுச்சு?"

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. தேவகிருபை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"ஒன்னும் ஆவல ஏழுமல. அதான் என்னைத் திட்டினே வர்றியே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.