பின் போட்ட காலும் தையல் போட்ட காலும்

முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து, காயத்தைக் காட்டுவதற்காகப் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போயிருந்தேன். கட்டுப் பிரிக்கும் அறையில், பக்கத்துக் கட்டிலில் என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தார். என் கணவரின் அண்ணன் மனைவி; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நிலத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. என் கணவரின் சாவுக்குக்கூட அந்த வீட்டிலிருந்து மகன் மட்டும்தான் வந்தான். அக்காவுக்கும் முழங்கால் மாற்றியிருக்கிறார்கள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நர்ஸ் என் கட்டைப் பிரித்தார். முழங்காலுக்கு மேலிருந்து கீழே வரை, தோலைச் சேர்த்துப் பிடித்திருந்த ஸ்டேப்ளர் பின்கள்.

"சுருக்குனு இருக்கும், பொறுத்துக்குங்கம்மா" என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். பின்கள் தட்டில் விழும் சத்தம் கேட்டது. வலி பெரிதாகத் தெரியவில்லை. யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்குப் பின்னா போட்டாங்க?" என்றார் அக்கா.

"ஆமாங்க்கா."

"எனக்கு உள்ள தையலு, மேல பசை. எடுக்க ஒண்ணுமே இல்லையாம்." புடவையை விலக்கிக் காட்டினார். மெல்லிய ஒற்றைக் கோடு. என் காலில் கோட்டின் இருபுறமும் புள்ளிகள்.

"இதுல எதும்மா நல்லது?" என்று நர்ஸைக் கேட்டார்.

"ரெண்டும் ஆறிடும்மா. பின்னு சட்டுனு போட்டுடலாம், ஆனா அப்புறம் எடுக்கணும். தையல் போட நேரமாகும். டாக்டர் தோதைப் பாத்துப் போடுவாங்க."

நர்ஸ் வெளியே போனதும் அக்கா கையை நீட்டி, என் முழங்காலின் வெளிப்பக்கத்தைத் தொட்டார்.

"தெரியுதா?"

"இல்லக்கா. மரத்துக் கெடக்கு."

"எனக்கும் அந்த எடந்தான்." சற்று நேரம் கையை எடுக்கவில்லை. "உன் வீட்டுக்காரரு இருந்திருந்தா, டாக்டரக் கேள்வி கேட்டே கொன்னுருப்பாரு."

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "ஆமாங்க்கா" என்றேன்.

அக்காவின் மகன் கார் கொண்டுவந்திருந்தான். "சித்தி, நீங்களும் ஏறுங்க" என்றான். ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் நடவு முடிந்த வயல்கள். என் வீட்டில் இறக்கிவிட்டு, "அடுத்த தடவ டாக்டர்கிட்ட சேந்தே போவோம்" என்றார் அக்கா.

சரி என்று தலையாட்டினேன். சந்தோஷமா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் சேர்ந்துதான் போய்வருகிறோம்.