அந்தக் கொம்பியூட்டரைப் பழுதாக்கியது ஜூஸ் அல்ல

பிள்ளைகளே, இதை உங்கள் இரண்டு பேருக்குமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் மகள், முதலில் நீ வாசி. தமிழில் எழுதுவதற்குக் குறை நினைக்காதேங்கோ. என்னுடைய ஆங்கிலம் தொழிற்சாலைக்குள் ஓடித்திரிய மட்டும்தான் காணும். இப்படியான ஒன்றைச் சொல்ல அது காணாது. விளங்காத இடத்தில் அம்மாவிடம் கேளுங்கள். அவளுக்கும் இது இப்போதுதான் தெரியவரும்.

வரவேற்பறை மூலையில் நின்ற பழைய கொம்பியூட்டரை மறந்திருக்க மாட்டீர்கள். மகன், நீ அதைப் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வருவாய், அப்போதும் அது திறக்காமல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மெமரியைக் கூட்டினால் இன்னும் சில வருடம் ஓடும் என்று அஜின்கோர்ட்டில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்த அண்ணை சொன்னார். தானே அதை உள்ளே பூட்டித் தருவதாகவும் சொன்னார். அம்மாவும் அவரிடமே கொடுக்கச் சொன்னாள். பாப்பம் என்று சொல்லிவிட்டு, மெமரியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பதினொரு வருடமாகத் தொழிற்சாலையில் எலெக்ட்ரோனிக் போர்ட் பூட்டுகிறவன், சீப்பளவு துண்டொன்றைச் செருக இன்னொருவரிடம் போவதா என்ற எண்ணம்.

எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித்தருவது இதுதான்: மணிக்கட்டில் பட்டி கட்டாமல் போர்ட்டைத் தொடக் கூடாது. பட்டியிலிருந்து ஒரு வயர் மேசைக்குப் போகும். உடம்பில் சேருகிற மின்சாரம் அதன் வழியாக இறங்கிவிடும். இல்லாவிட்டால் ஒரு சின்னப் பொறி போதும், போர்ட் செத்துப்போகும். புதிதாக வருகிற ஆட்களுக்கு இதை நானே எத்தனையோ தரம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அது தை மாதத்துக் குளிரில் ஒரு சனிக்கிழமை. நீங்கள் தமிழ் வகுப்பில் இருந்தீர்கள், உங்களைக் கூட்டிவர அம்மா போயிருந்தாள். வந்து இறங்கியதும் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு அவசரம். ஹீற்றர் ஓடி வீடே காய்ந்துபோய்க் கிடந்தது. காலில் கம்பளிச் சொக்ஸ். ஸ்குரூ டிரைவர் எங்கே, ரோச் லைற் எங்கே என்று காப்பெற்றில் காலை இழுத்து இழுத்து நடந்துவிட்டு வந்து, மூடியைக் கழற்றி உள்ளே கையை வைத்தேன். விரல் நுனியில் டிக் என்றது.

அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். என்றாலும் தெரியாதவன் மாதிரிப் புது மெமரியைச் செருகிப் போட்டுப் பார்த்தேன். கொம்பியூட்டர் பீப் பீப் என்று மூன்று தரம் கத்தியது, திரை இருட்டாகவே இருந்தது. பழையதைத் திருப்பிச் செருகினேன். அதே கத்தல். மூடியைப் பூட்டி, புது மெமரியை என்னுடைய சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துவைத்தேன்.

மகள், அப்போது உனக்கு ஒன்பது வயது. ஜக்கற்றைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பட்டனை அமத்தினாய். கத்தியது. காலையில் நீ அதன்மேல் ஒரேஞ் ஜூஸ் கோப்பையை வைத்து, அம்மாவிடம் ஏச்சு வாங்கியது எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

"எத்தினை தரம் சொன்னனான், அதுக்கு மேல ஒண்டும் வைக்காதை எண்டு," என்றாள் அம்மா.

"உவள் தொட்டா ஃப்ரிஜ்ஜும் நிண்டுபோகும்," என்றான் உன் அண்ணன்.

உள்ளே ஒரு சொட்டு ஜூஸும் போகவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்த எனக்குத் தெரியும், அங்கே வெறும் தூசிதான் இருந்தது. நீ என்னிடம் வந்து நின்றாய்.

"சொறி அப்பா. நான் வேணுமெண்டு செய்யேல்ல."

"சரி, விடு பிள்ளை. இனிக் கவனமா இரு," என்றேன்.

நான் பேசாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு பாவம் இல்லை. நான் செய்ததற்கு உன்னை மன்னித்தேன். அப்பா எவ்வளவு பொறுமை, பார் என்று அம்மா உனக்குச் சொன்னபோதும் கேட்டுக்கொண்டிருந்தேன். மெமரி என்ன ஆனது என்று பிறகு அவள் கேட்டதற்கு, கடையில் அந்த வகை இல்லையாம் என்றேன்.

அதற்குப் பிறகு அது வீட்டில் ஒரு பகிடியாகிவிட்டது. புது ரீவி வந்தால் றிமோட்டை உன் கையில் தரமாட்டார்கள். உன் ஃபோனையே அண்ணன்தான் போட்டுத் தந்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன கிழமை நீ அடுத்த வருடத்துப் பாடங்களைத் தெரிவுசெய்துகொண்டிருந்தாய். கொம்பியூட்டர் பாடத்தைப் போட்டுவிட்டு, பிறகு நீக்கிவிட்டாய்.

"ஏன் பிள்ளை, விருப்பம் எண்டு சொன்னனி?"

"வேண்டாம் அப்பா. நான் தொட்டா என்ன நடக்குமெண்டு தெரியும்தானே."

நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். இந்த முறை நான் சேர்ந்து சிரிக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பாடத் தெரிவை அனுப்ப வேண்டும் என்றாய், அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். அந்தப் பாடத்தை எடுப்பதும் விடுவதும் உன் விருப்பம். ஆனால் உன் கையில் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னுடையது. மகன், உன் தங்கச்சியோடு நீயும் கதைக்க வேண்டும். உன்னைப் பகிடி பண்ண வைத்தவனும் நான்தான்.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டுக் கீழே பேஸ்மென்ற்றுக்குப் போனேன். பெட்டிகளுக்குப் பின்னால் அந்தக் கொம்பியூட்டர் இன்னும் நிற்கிறது. தமிழ் வகுப்பில் படித்த எழுத்தில் அண்ணன் எழுத்துப்பிழையோடு எழுதி ஒட்டிய துண்டும் அதன் முகப்பில் அப்படியே இருந்தது: "தங்கச்சி தொடக் குடாது." நகத்தால் சுரண்டினேன். கடதாசி வந்துவிட்டது, பசை வரவில்லை. மேலே வந்து கொஞ்சம் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு போய், பழந்துணியில் தொட்டு, அது போகும்வரை தேய்த்தேன்.