அக்கா கேட்ட சட்டம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் பேசக் கூச்சப்படுகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா ஒக்கூரில் பிறந்தார். கடலை விளையாமல் அப்பா நொடித்துப்போன காலத்தில், மதுரை விடுதியில் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டு நர்சிங் படித்தார். பிறகு அயர்லாந்தில் பிரசவ வார்டில் வேலை. அவர் உழைப்பில்தான் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டோம், பெரியண்ணன் கடை வைத்தார். இதை எல்லோரும் சொல்வார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து அங்கு குடியேறிய பெண்கள் சிலருக்குச் சிறுவயதிலேயே பிறப்புறுப்பை அறுத்துத் தைத்திருந்தார்கள். பிரசவத்தில் அவர்கள் பட்ட பாட்டை அக்கா பார்த்தார். அதைத் தடுக்கச் சட்டம் கேட்டு அந்தப் பெண்களே கூட்டம் போட்டபோது, அக்காவும் கூடப் போய்ப் பேசினார்.

“பிள்ளைய அறுக்குறது குத்தம்னு எழுதணும் தம்பி,” என்று போனில் சொன்னார். “ஆனா உதவி கேட்டு வர்ற தாயை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. ரெண்டையும் சேத்துச் சொன்னா ரெண்டு பக்கமும் என்னையத்தான் வைவாக. அந்தத் தாய்மாரு பிள்ளைய வெறுத்தா செய்றாக? செய்யலைன்னா கல்யாணம் ஆகாதுங்குற பயம்.”

சட்டம் வந்தது. நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற தாய்மாரின் பயம் மட்டும் தீரவில்லை என்று வருத்தப்பட்டார்.

அதன்பின் லீவில் வந்தபோது, காரைக்குடி மண்டபத்தில் பெரியண்ணன் மகளுக்குச் சடங்கு. அயர்லாந்தில் என்ன வேலை என்று மதினிமார் கேட்க, அக்கா உள்ளதைச் சொன்னார். அண்ணன் ஓடி வந்தார்.

“ஏத்தா, சபையில பேசுற பேச்சா இது? ஒன் வாயால எம் மகளுக்கு மாப்பிள்ளை வராமப் போகப் போகுது.”

“பிள்ளை வயசுக்கு வந்துட்டான்னு போட்டோ போட்டு ரோட்டுல பிளெக்ஸ் வச்சிருக்கீக. போற பஸ்ஸெல்லாம் படிச்சிட்டுப் போகுது. அதுல வராத கூச்சம் நான் சொன்னதுல வந்துருச்சாண்ணே?”

ஒரு மதினி சிரித்துவிட்டார். அதை அண்ணன் மன்னிக்கவே இல்லை. புற்றுநோயோடு திரும்பி அக்கா என் வீட்டில் கிடந்தபோது, காரைக்குடியிலிருந்து ஒக்கூர் வர அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அடக்கத்தன்று முன்வரிசையில் நின்றார்.

நேரம் கிடைத்தது அயர்லாந்திலிருந்த ஒரு தாய்க்கு. அவருடைய மகள் அறுபடாமல் வளர்ந்து இப்போது கல்லூரியில் படிக்கிறாளாம். அவர் கூப்பிடும்போதெல்லாம் போனை அக்காவின் காதில் வைப்பேன். எனக்கு ஒன்றும் புரியாது. அக்கா சிரிப்பார்.

அக்காவுக்கான இந்த நினைவு மலர் அச்சாகப் போவது தெரிந்து, போன வாரம் அண்ணன் என் வீட்டுக்கே வந்தார்.

“நர்சா இருந்தா, நல்லவ. அம்புட்டுத்தான் எழுதணும். அந்தச் சமாச்சாரம் வந்துச்சுன்னா எம் பேரு அதுல வரக் கூடாது, ஆமா.”

அக்காவைக் குளிப்பாட்டி விட்ட என் மனைவிக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், கடைசிவரை ஊசி போட வந்த நர்ஸம்மாவுக்கும், அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நன்றி.

அண்ணன் கேட்டபடி அவர் பெயரை எங்கும் போடவில்லை.

பல தடவை எழுதிக் கிழித்து, கடைசியில் எழுதி முடித்தது: 9.2.2025, ஞாயிறு.