ஜன்னலோரத்துத் துண்டு

காரைக்காலில் பழைய மீட்டர்கேஜ் ரயில் பெட்டி ஒன்றைப் பார்வைக்கு வைக்கப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். எஞ்சின் கிடையாது, தண்டவாளமும் பெட்டியின் நீளத்துக்குத்தான்.

தேக்கு இருக்கைகளைத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஜன்னலோர இருக்கையில் ஒரு துண்டு. இறுகிக் கிடந்த அந்த ஜன்னலைப் படாதபாடு பட்டுத் திறக்க வைத்தவனே நான்தான். அதன் வழியாகவே துண்டைப் போட்டு யாரோ இடம் பிடித்திருந்தார். பிய்த்து எடுத்தேன், பாதி நூல் பலகையிலேயே ஒட்டிக்கொண்டது.

துண்டுக்காரர் வெளியே நின்றார். குரும்பகரத்திலிருந்து குடும்பத்தோடு பெட்டியைப் பார்க்க வந்தவராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, இது எங்கயும் போகாத வண்டிங்க!"

அவர் அசரவில்லை.

"தெரியுதுங்க. அதுக்காக நின்னுக்கிட்டேவா வர முடியும்?"