தங்கைக்குப் பெயர் இல்லாத மாதங்கள்

என் தங்கை தவழத் தொடங்கிய பிறகும் அவளுக்குப் பெயர் கிடையாது. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவே அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டது. பெயரைத் தேர்ந்தெடுத்துக் காதில் சொல்வது தாய்மாமன்தான், அதுதான் சம்பிரதாயம் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். மாமாவுக்கோ அப்போது குரல் இல்லை.

மாமா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்த்தார். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே காலை ரயிலில் அவருக்கு இடம் பிடித்து வைப்பார்களாம். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். உள்ளே சின்னதாக ஒரு வால்வு. துளையை விரலால் மூடிக்கொண்டு மூச்சை விட்டால் பேச்சு வரும், பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாமா முதல்முறை மூடிப் பார்த்தபோது வந்த சத்தத்துக்கு எங்கள் நாய் குரைத்தது. அன்றோடு பழகுவதை விட்டுவிட்டார். ஊர்க்காரர்கள் வேறு, பேசாதவருக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டி, அவரைக் கண்டாலே தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆலையில் சுலபமான வேலை தருகிறோம் என்று கூப்பிட்டும் அவர் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

கடைசியில் அம்மா ஒரு நாள் குறித்தாள். காதில்தானே சொல்ல வேண்டும், கிசுகிசுத்தால் போதும் என்று எல்லோரும் நம்பினோம். மாமா குனிந்தார். உதடு அசைந்தது. மூச்சே கழுத்து வழியாகப் போகிறவருக்குக் கிசுகிசுப்பும் வராது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பாப்பா அவர் காதைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா பேரு வெச்சான்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

"எழுதிக் காட்டச் சொல்லு" என்றார் நைனா; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அம்மா மசியவில்லை. "எழுதறதுக்கா அவனக் கூப்ட்டோம்? கேசரி துன்னுட்டு எல்லாரும் கெளம்புங்க. இன்னொரு நாள் வெச்சிக்கலாம்."

அப்பாவின் அக்கா, என் அத்தை, உடனே எழுந்து, "ஆமா, மாமன் வாயால வந்தாத்தான் பேரு" என்று சபைக்கே தீர்ப்புச் சொன்னாள்.

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. மறுநாளிலிருந்து எங்கள் வயலின் மோட்டார் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தார். மோட்டார் ஓடும்போது யாருக்கும் கேட்காது அல்லவா? காலையில் நாஷ்டா கொண்டுபோனால், கட்டைவிரலைக் கழுத்தில் வைத்துக்கொண்டு மோட்டாரோடு சண்டை போடுவதுபோல் நிற்பார். முதலில் வெறும் கரகரப்பு. பிறகு அதில் எழுத்துகள் தெரிந்தன. ஒருநாள் என்னைப் பார்த்து, "சட்னி... எங்க?" என்றார். சட்னியைத் தேடிக்கொண்டே எனக்கு அழுகை வந்தது.

அறுவடை முடிந்து மறுபடி எல்லோரும் கூடினார்கள். மாமா குனிந்து, துளையை மூடி, "கோமதி" என்றார். காதுக்குள் போக வேண்டிய பெயர் தெருக்கோடி வரை கேட்டது. பாப்பா அழவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மாமா இன்னும் இரண்டு தடவை சொன்னார், வேண்டுமென்றே சத்தமாக.

அத்தை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் போய், "பேரு புடிக்கலியா அத்தே?" என்று கேட்டேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

மாமா மறுபடி ரயிலேறினார். இன்றும் ஒரு கை கம்பியில், ஒரு கை கழுத்தில். பேச்சு மட்டும் ஓய்வதில்லை.

என் மகளுக்குப் பெயர் வைக்கும்போது, மாமாவைத்தான் சொல்லச் சொல்ல வேண்டும் என்றேன். அத்தை சிரித்துவிட்டாள்.

"நம்ம பக்கம் அத்தைதான்டி பேரு சொல்லணும். உன் காதுல சொன்னது நான்தான். ஒங்கம்மா அவனப் பேச வெக்கறதுக்காக என்னாண்ட வந்து கேட்டுக்கினா, நானும் உட்டுக் குடுத்துட்டேன்."

தனக்குரிய அந்த ஒரு வார்த்தையை மாமாவின் வாய்க்குக் கொடுத்துவிட்டு, அது வெளியே வந்ததைக் கேட்டு நின்றவளிடம்தான், பெயர் பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறேன்.