பாம்பனில் காற்று அடைக்கப் போனோம்

ஐம்பதுகளின் பிற்பகுதியில், வேப்பனப்பள்ளிப் பக்கம் பாறைக் கிணறு வெட்டும் இடங்களில் கம்ப்ரஸர் ஓட்டுவது என் வேலை. மாந்தோப்புக்காரர்கள் ஆள்விட்டு அழைப்பார்கள். போய் இறங்குவேன், பாறையில் துளை போடுவேன், வெடி வைப்பார்கள், ஏறிவிடுவேன். கடலை நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்ட என்னைப் பாம்பன் தீவுக்கு வரச் சொல்லி ஒரு கடிதம் வந்தது.

எழுதியவர் கிருஷ்ணகிரிக்காரர். அவர்கள் வீட்டுக் கிணற்றில் நான் மூன்று மாதம் வேலை பார்த்திருக்கிறேன். படித்து முடித்துக் கடல் ஆராய்ச்சி வேலைக்குப் போயிருந்தார். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கி, முத்துச்சிப்பி கிடக்கும் இடங்களைப் பார்க்கப் போகிறார்களாம். சிலிண்டரில் காற்று அடைக்கும் மெஷின் சீமையிலிருந்து வந்து ஒரு மாதமாகியும் ஒழுங்காக ஓடவில்லை. கம்ப்ரஸர் என்றதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது, வீட்டில் அவர்களையும் கூட்டி வாருங்கள், தீவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். என் மனைவி அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

"நெசமாலுமே என்னியும் வரச்சொல்லி எழுதிக்கீறாரா?"

"ஆமா."

"அப்ப ராமேஸ்வரம் கோயிலயும் பாத்துட்டு வந்துடலாம்."

பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். பாம்பன் கரையோரம் ஒரு ஓட்டுக் கொட்டகையில் மெஷின் இருந்தது. எங்கள் ஊர் கம்ப்ரஸரைவிடச் சிறியது, ஆனால் பல மடங்கு அழுத்தம் கொடுப்பது. முழுதாகப் பிரித்தேன். உப்புக் காற்றில் வால்வுகள் துருப்பிடித்திருந்தன. தேய்த்துத் துடைத்து மாட்டி இரண்டாம் நாள் ஓட்டினேன். சத்தத்தைக் கேட்டதுமே சரியாகிவிட்டது என்று தெரிந்தது.

காற்று உள்ளே போகும் குழாயைக் கொட்டகையின் வடக்குப் பக்கம் வைத்தேன். இன்ஜின் புகை தெற்கே கடலைப் பார்த்துப் போனது. இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். கிணற்றுக்குள் இன்ஜினை இறக்கி ஓட்டி, புகை தேங்கி, இரண்டு பேர் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போனதை நான் கண்ணால் பார்த்தவன்.

மறுநாள் காலை, கடிதம் எழுதிய அந்த அதிகாரி சொன்னார்: "நாளைக்குக் காலைல கடல்ல எறங்கப் போறேன். இன்னைக்கி சிலிண்டரை எங்க ஆளே ரொப்பிடுவாரு. நீங்க ரெண்டு பேரும் போய் ஊரப் பாருங்க."

அவர் சொன்ன ஆள் பாம்பன்காரர், படகு இன்ஜின் ஓட்டிப் பழகியவர். அவரிடம் எல்லாவற்றையும் காட்டிச் சொல்லிவிட்டு நாங்கள் தனுஷ்கோடிக்கு ரயில் ஏறினோம். அதைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கோயில் என்று திட்டம்.

தனுஷ்கோடியில் மணல் முனைவரை நடந்தோம். ஒரு பக்கம் கடல் குளம்போல் கிடந்தது. மறுபக்கம் அலை அடித்துக்கொண்டிருந்தது. இலங்கைக்குப் போகும் கப்பல் துறையில் நின்றது. என் மனைவி கையில் தண்ணீரை அள்ளி வாயில் வைத்து, முகத்தைச் சுளித்து, உடனே இன்னொரு கை அள்ளினாள். "உப்புன்னு மொதல்ல நம்பலீங்க, அதான்" என்றாள். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

உச்சிவெயில் ஏறியபின் அவள் திடீரென்று நின்று, ஒரு பிடி காய்ந்த மணலை எடுத்து உதிர்த்துப் பார்த்தாள்.

"காத்து மாறிப்போச்சுங்க. காலைல வடக்க இருந்து அடிச்சுது. இப்ப தெக்க இருந்து வருது. இந்நேரம் களத்துல ராகி தூத்துனா உமியெல்லாம் நம்ம கண்ணுலதான்."

அதைக் கேட்டதும் எனக்குக் கொட்டகை ஞாபகம் வந்தது. தெற்கிலிருந்து காற்று என்றால் கொட்டகையின் புகை வடக்கே போகும். வடக்கேதான் குழாய் இருக்கிறது. அங்கே சிலிண்டர் நிரம்பிக்கொண்டிருக்கிறது.

அவளிடம் சொன்னேன். "அப்ப இன்னா பேச்சு, வாங்க" என்று எனக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"கோயிலு?" என்று கேட்டேன்.

"கோயிலு எங்கியும் ஓடிடாது."

பாம்பனில் இறங்கிக் கரைக்கு வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புகை கொட்டகையைச் சுற்றி வடக்கே வளைந்திருந்தது. என் மனைவிக்குப் பதற்றம் வந்தால் வீட்டுத் தெலுங்குதான் வாயில் வரும். காற்றுக்குத் தெலுங்கில் காலி. "காலி! காலி!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

பாம்பன்காரர் சிரித்தபடி, "காலி இல்லம்மா, ரெண்டும் நெறைஞ்சிருச்சு" என்றார்.

நான் மெஷினை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் அதிகாரி வெளியே வந்தார். இரண்டு சிலிண்டர் காற்றையும் திறந்துவிட வேண்டும் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"படகு, ஆளுங்க, எல்லாம் விடிகாலைக்குச் சொல்லியாச்சு. மறுபடி ரொப்ப அரை நாளாவும். கொஞ்சம் புகை போனா இன்னா ஆயிடும்?"

கிணற்றில் செத்த இருவரைப் பற்றிச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய படிப்புப் படித்தவர், எனக்கு வேலை கொடுத்தவர். ஆனாலும் நான் சிலிண்டர் பக்கத்திலிருந்து நகரவில்லை. "இதக் கட்டிக்கினு நீங்க எறங்கறதா இருந்தா, நான் இப்பவே ஊருக்குப் போறேன் சார்" என்றேன். அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு வால்வைக் கொஞ்சம் திறந்து அவரை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். என் மனைவியும் மூக்கை நீட்டிப் பார்த்து, "லாரி பின்னாடி நிக்கற மாதிரி கீது" என்றாள். அதிகாரி தன் கையாலேயே இரண்டு சிலிண்டரையும் திறந்துவிட்டார்.

மறுநாள் காலை நான்கு ஆள் உயரப் பனங்கம்பு ஒன்றை நட்டு, அதன் உச்சிவரை குழாயை ஏற்றிக் கட்டினேன். மெஷின் ஓடிய நேரமெல்லாம் என் மனைவி வெளியே நின்று மணலை உதிர்த்து உதிர்த்துக் காற்றைப் பார்த்தாள். அது திரும்பத் தொடங்குமுன் வேலை முடிந்துவிட்டது. அன்று மத்தியானம்தான் கோயிலுக்குப் போனோம். உள்ளே இருபத்திரண்டு தீர்த்தங்கள், ஏறக்குறைய எல்லாமே கிணறுகள். அவள் சாமி கும்பிட்டாள். நான் ஒவ்வொரு கிணற்றிலும் எட்டிப் பார்த்துக் கல்கட்டு எப்படி என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் எங்களையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். அதிகாரி சிலிண்டரை முதுகில் மாட்டி, கண்ணாடி போட்டு, பின்பக்கமாகத் தண்ணீரில் சாய்ந்தார். அவர் போன இடத்தில் குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்தன. படகுக்காரர்கள் எல்லாரும் அதையே பார்த்தார்கள். எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: கீழே அந்த மனிதர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் நான் அடைத்துக் கொடுத்தது. கடற்கரையே இல்லாத மாவட்டத்துக்காரன் நான்.

அரை மணி கழித்து மேலே வந்தார். வாயிலிருந்து குழாயை எடுத்ததும் சிப்பியைப் பற்றிப் பேசவில்லை. "காத்து சுத்தமா இருந்துச்சுப்பா" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "ரொம்ப நன்றிம்மா" என்று கைகூப்பினார்.

அவள் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, "பரவால்லீங்க" என்றாள்.